பிழையைப் பிடித்துக்கொண்டு பிழைக்கலாமா?

நிக்காஹ் என்றால் நம் சமுதாயம் விழித்துக்கொள்கிறது. தப்தரில் மஹர்த் தொகை எண்ணாலும் எழுத்தாலும் பதியப்படுகிறது. வலீ யார், சாட்சிகள் யார், அவர்களின் தந்தையர் யார் என்று பெயர் பெயராகக் கேட்டு எழுதுகிறோம். பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வர ஆள் அனுப்புகிறோம். ஓர் எழுத்துப் பிசகினாலும் ஹஜ்ரத் அவர்கள் எழுதுகோலை நிறுத்திவிடுகிறார்கள். நல்ல வழக்கம், வாழ்க! ஆனால் அதே மணவாழ்வு முறிந்து, இருவரும் பிரியும் நாள் வருகிறபோது என்ன செய்கிறோம்? முத்திரைத்தாள் ஒன்றை வாங்கி, தட்டச்சுக் கடையில் கிடக்கும் பழைய படிவத்தில் பெயர்களை மட்டும் மாற்றி அடித்து, "இங்கே கையெழுத்துப் போடம்மா" என்று விரல் காட்டுகிறோம். சேர்த்து வைக்கும்போது காட்டிய கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பிரித்து வைக்கும்போது காட்டுவதில்லை.

விளைவு என்ன? ஆறு மாதம் கழித்து இருவரில் ஒருவர், பெரும்பாலும் பெண், சில வேளை ஆண், அந்தத் தாளை எடுத்து நிதானமாகப் படிக்கிறார். தாம் எண்ணியது ஒன்று. தாளில் இருப்பது வேறொன்று. பதைபதைத்துப் பள்ளிவாசலுக்கு ஓடி வருகிறார். "ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், கையெழுத்துப் போட்டாகிவிட்டதே!" என்று விடை கிடைக்கிறது. எதிர்த்தரப்பினரோ அந்த விடையைக் கேட்டு மகிழ்ந்து போகிறார்கள். ஏமாந்தவரின் பிழையைப் பிடித்துக்கொண்டு பிழைக்க வழி கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி அது. அந்த மகிழ்ச்சி ஹராம் என்று சொல்லவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

மணவிலக்கின்போது எழுதிக் கொடுத்த வாக்கை நிறைவேற்றியே ஆகவேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால், மற்றவர் அறியாமல் செய்த பிழையால் நமக்கு வந்து சேர்ந்த பொருள், நீதிமன்றமே அதை நமக்கு உரியதென்று தீர்ப்பளித்தாலும், அல்லாஹ்வின் சந்நிதியில் நமக்கு உரியதாகாது. அதே போல, மனைவி நடத்தையில் தவறினாள் என்று சொல்லி அவளுக்குச் சேரவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்துகொள்ளவும் எவருக்கும் உரிமை இல்லை.

தாளைத் தவிர வேறு சாட்சி இல்லாத ஊர்கள்

சென்னையின் மேற்குப் புறநகர்களைக் குறித்து இதைச் சிறப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. பூந்தமல்லிக்கு முஸ்லிம்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். கோல்கொண்டா அரசின் ஆதிக்கம் இப்பகுதிக்குப் பரவிய காலத்தில், 1653இல் எழுந்த பள்ளிவாசல் அவ்வூரின் பழமைக்குச் சான்று. ஆனால் அம்பத்தூரும் ஆவடியும் பெரும்பாலும் குடியேறியவர்களால் வளர்ந்தவை. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றிய பின்னர், தென்மாவட்டங்களிலிருந்தும் தஞ்சைத் தரணியிலிருந்தும் வடஆர்க்காட்டிலிருந்தும் பிழைப்பு நாடி வந்த குடும்பங்கள் இங்கே வேரூன்றின. தமிழ் பேசுவோரும் உருது பேசுவோரும், ஹனஃபி மத்ஹபினரும் ஷாஃபிஈ மத்ஹபினரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று தொழுகிற ஜமாஅத்துகள் இவை.

சொந்த ஊரில் ஒரு மணம் முறிந்தால், இரு குடும்பத்தையும் மூன்று தலைமுறையாக அறிந்த பெரியவர்கள் இருப்பார்கள். பெண் வீட்டார் எத்தனை சவரன் போட்டார்கள் என்பது தெருவுக்கே தெரியும். அங்கே பெரியவர்களின் நினைவே பத்திரம். இங்கே அப்படி இல்லை. பக்கத்து வரிசையில் தொழுபவரின் ஊர் எது என்று நமக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் தந்தை ஒரு மாவட்டம். பெண்ணின் தாய் மாமன் இன்னொரு மாவட்டம். ஆகவே இங்கே எழுதிய தாளைத் தவிர வேறு சாட்சியே கிடையாது. எங்கே தாள் ஒன்றே சாட்சியோ, அங்கே அந்தத் தாளை எழுதுவதில்தான் அதிகக் கவனம் வேண்டும். நாமோ அங்கேதான் அதிக அவசரம் காட்டுகிறோம்.

ஒரு சொல்லின் இரு முகங்கள்

நம் பஞ்சாயத்துகளில் பெருங்குழப்பம் விளைவிப்பது 'தவறு' என்னும் ஒரே சொல். கணக்கில் பிசகுவதும் தவறு. ஒழுக்கத்தில் வழுவுவதும் தவறு. பெண் வந்து, "தவறுதலாகக் கையெழுத்திட்டுவிட்டேன்" என்றால், "தவறு உன்மேல்தானே!" என்று பதில் வருகிறது. அவள் சொன்ன தவறு வேறு. இவர்கள் சொல்லும் தவறு வேறு. முதலாவது அறிவின் பிசகு. இரண்டாவது நடத்தையின் மீதான குற்றச்சாட்டு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்து, ஒன்றுக்குத் தண்டனையாக மற்றொன்றைச் சுமத்துவது எந்த நீதி?

ஒப்பந்தத் தாள்களில் வழக்கமாக இடம் பெறுகிற ஒரு வாசகத்தை எண்ணிப் பாருங்கள். மனைவி தன் தவற்றை ஒப்புக்கொண்டு, தன் சம்மதத்தின்பேரில் மஹரையும் இத்தாப் பணத்தையும் விட்டுக் கொடுத்து, இனி எவ்விதப் பாத்தியதையும் கோரமாட்டாள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுகிறார்கள். என்ன தவறு என்று அதில் இராது. யார் விசாரித்தார்கள் என்று இராது. தொகை எவ்வளவு என்றும் இராது. ஆனால் அந்த ஒரு வரி, பிற்காலத்தில் அவள் வாழ்க்கை முழுவதையும் துரத்தி வரும்.

இது கற்பனை அன்று. 2025 பிப்ரவரி 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கொன்றைப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த அந்த வழக்கில், 2002இல் மணமுடித்த தம்பதியர் 2005இல் போபால் காஜியின் முன்னிலையில் ஒரு சமரச ஒப்பந்தம் செய்துகொண்டனர். பின்னர் மணமும் முறிந்தது. மனைவி ஜீவனாம்சம் கோரினாள். அந்த ஒப்பந்தத்தில் அவள் தன் தவற்றை ஒப்புக்கொண்டிருக்கிறாள் என்று கருதிய குடும்பநல நீதிமன்றம் அவள் கோரிக்கையை மறுத்துவிட்டது. உயர் நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பார்த்தார்கள். அதில் அப்படியோர் ஒப்புதலே இல்லை! மாதம் 4,000 ரூபாய் தருமாறு, மனுச் செய்த நாளிலிருந்து கணக்கிட்டு, அவர்கள் ஆணையிட்டார்கள். தாளில் இல்லாத ஒரு 'தவறு' ஒரு பெண்ணின் சோற்றை இத்தனை ஆண்டுகள் தடுத்து நிறுத்தியிருக்கிறது. தாளிலேயே எழுதி வைத்துவிட்டால் அவள் கதி என்ன?

தவறினாள் என்றால் மஹர் போய்விடுமா?

இங்கே சிலர் திருமறையை மேற்கோள் காட்ட முன்வருவார்கள். நான்காம் அத்தியாயத்தின் 19ஆம் வசனத்தில், மனைவியருக்குக் கொடுத்ததைப் பறித்துக்கொள்வதற்காக அவர்களை நெருக்கடிக்குள்ளாக்க வேண்டாம் என்று அல்லாஹ் தடுக்கிறான். வெளிப்படையான மானக்கேடு நிகழ்ந்தாலன்றி என்ற விதிவிலக்கும் அங்கே உண்டு. அந்த விதிவிலக்கையே வாசலாக்கி எல்லாரும் நுழையப் பார்க்கிறார்கள். 'வெளிப்படையான' என்ற சொல்லை மட்டும் ஏன் வாசலுக்கு வெளியே விட்டுவிடுகிறார்கள்? ஒழுக்கமுள்ள பெண்மீது பழி சுமத்துவோர் நான்கு சாட்சிகளைக் கொண்டுவரவில்லையானால் எண்பது கசையடி என்று இருபத்து நான்காம் அத்தியாயம் விதிக்கிறதே! தட்டச்சுக் கடையின் படிவத்தில் இருக்கும் ஒரு வரி நான்கு சாட்சிகளுக்கு ஈடாகுமா? அடுத்த வசனமான 20இல், பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்ப எடுக்காதீர்கள் என்றும், 21இல் அந்த மனைவியர் உங்களிடம் உறுதியான உடன்படிக்கை பெற்றிருக்கிறார்கள் என்றும் சொல்லப்படுவதை ஏன் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்?

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்த நிகழ்ச்சியொன்று இந்த வாதத்தை அடியோடு வீழ்த்துகிறது. மனைவிமீது விபச்சாரக் குற்றம் சாட்டி, லிஆன் என்னும் சாப அழைப்புச் சத்தியம் செய்து பிரிந்த ஒருவர், "என் பொருள் என்னாவது?" என்று கேட்டார். அவர் கேட்டது மஹரை. நீர் உண்மையே சொல்லியிருந்தாலும் அப்பொருள் அவளோடு நீர் வாழ்ந்ததற்கு ஈடாகிவிட்டது என்றும், பொய் சொல்லியிருந்தால் அது உம்மைவிட்டு இன்னும் தொலைவானது என்றும் நபியவர்கள் விடையளித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பாக புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கிறது. அல்லாஹ்வின் பெயரால் ஆணையிட்டுக் குற்றஞ்சாட்டியவருக்கே மஹர் திரும்பவில்லை. அப்படியிருக்க, சமைக்கவில்லை, மாமியாரை மதிக்கவில்லை, கைபேசியில் அதிகம் பேசினாள் என்ற 'தவறு'களுக்காக மஹரைக் கழித்துக்கொள்கிற பஞ்சாயத்துகள் எந்த ஷரீஅத்தின்படி நடக்கின்றன?

குலா என்ற பெயரால் நடப்பதையும் சொல்லவேண்டும். ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவியார் பெருமானாரிடம் வந்து, கணவரின் மார்க்கத்திலோ குணத்திலோ குறை காணவில்லை; ஆனால் அவரோடு வாழ மனம் ஒப்பவில்லை என்றார்கள். கணவர் கொடுத்த தோட்டத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பிரித்து வைத்தார்கள் நபியவர்கள். அங்கே திருப்பித் தரப்பட்டது குறிப்பிட்ட ஒரே பொருள். இருவருக்கும் தெரிந்த பொருள். குழந்தையின் உணவோ, பெற்றோர் போட்ட நகையோ, வருங்கால உரிமைகளோ அதில் சேரவில்லை. ஹனஃபிச் சட்ட நூலான ஹிதாயா, வெறுப்பும் விலகலும் கணவன் பக்கத்திலிருந்து தோன்றியிருந்தால் அவன் ஈட்டுப்பொருள் வாங்குவதே வெறுக்கத்தக்கது என்கிறது. மனைவியின் பக்கத்திலிருந்து என்றாலும் கொடுத்ததற்கு மேல் வாங்குவது வெறுக்கத்தக்கது என்கிறது. அடித்து உதைத்து விரட்டிவிட்டு, அவளையே குலா கேட்க வைத்து, "கேட்டவள் நீதானே, மஹரை விடு" என்று சொல்கிற தந்திரத்தை எந்த இமாம் அனுமதித்தார்?

சட்டம் எதைப் பார்க்கும்?

இனி, கணக்கில் நேரும் பிழைக்கு வருவோம். நம் நாட்டில் ஒப்பந்தங்களை ஆளும் சட்டம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 20ஆவது பிரிவு, ஒப்பந்தத்துக்கு அடிப்படையான ஒரு செய்தியில் இரு தரப்பினருமே தவறான எண்ணம் கொண்டிருந்தால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 22ஆவது பிரிவோ, ஒருவர் மட்டுமே தவறாக எண்ணியிருந்தார் என்ற காரணத்துக்காக ஒப்பந்தத்தை முறிக்க முடியாது என்கிறது. இந்திய நாட்டுச் சட்டத்தைத் தவறாக அறிந்திருந்தேன் என்பதும் காரணமாகாது என்பது 21ஆவது பிரிவு.

இதை நம் பகுதி வாழ்க்கையில் பொருத்திப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஈடாக ஆவடிப் பக்கம் ஒரு மனையைக் கணவன் எழுதித் தருகிறான் என்று வைத்துக்கொள்வோம். பட்டா நிலம் என்றே இருவரும் நம்பினார்கள். பிறகு அது ஏரிப் புறம்போக்கு என்று தெரிகிறது. இது இருவரின் பிழை; ஒப்பந்தம் நில்லாது. அம்பத்தூரில் ஒரு வீட்டைத் தருகிறான். அதன்மீது வங்கிக் கடன் இருப்பதை அவன் வேண்டுமென்றே மூடி மறைத்தான் என்றால் அது மோசடி. மனைவி ஒப்பந்தத்தை ரத்துச் செய்யக் கோரலாம். ஆனால் வெறுமனே வாய் மூடி இருந்தான் என்றால், பேசவேண்டிய கடமை அவனுக்கு இருந்தது என்று காட்டினாலன்றி மோசடியாகாது. 'நகைகளைப் பெற்றுக்கொண்டேன்' என்ற வரியில், கையில் வந்த 18 சவரனுக்கு மட்டும் ரசீது தருகிறோம் என்றெண்ணி ஒரு பெண் கையெழுத்திடுகிறாள். தாய்வீட்டார் போட்டதோ 30 சவரன். இது ஒருவரின் பிழை. தாள் அவளுக்கு எதிராகவே நிற்கும்.

பெண்ணுக்கு மட்டுந்தான் இந்தக் கதி என்று எண்ணவேண்டாம். மொத்தத் தொகைக்குள் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அடங்கும் என்றெண்ணி ஒருவர் கையெழுத்திடுகிறார். தாளில் கட்டணம் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்துவிடலாம் என்று நம்பிப் பெருந்தொகைக்கு ஒப்புகிறார் ஒரு தொழிலாளி. எண்ணிய தொகை கிடைக்கவில்லை. பட்டறையில் இரவும் பகலும் உழைக்கிற அவருக்கும் 22ஆவது பிரிவு இரங்காது.

சட்டம் கொடியது என்று சொல்லவில்லை. நீதிமன்றம் மனிதரின் நெஞ்சைத் திறந்து பார்க்க முடியாது; தாளைத்தான் பார்க்க முடியும். "நான் வேறு மாதிரி நினைத்தேன்" என்று சொல்பவர்களுக்கெல்லாம் ஒப்பந்தத்தை முறிக்க வாய்ப்பளித்தால் உலகில் ஒரு பத்திரமும் நிலைக்காது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. ஹலாலை ஹராமாக்காத, ஹராமை ஹலாலாக்காத நிபந்தனைகளுக்கு முஸ்லிம்கள் கட்டுப்பட்டவர்கள் என்பது நபிமொழி. ஆகவே, "பிழையாகிவிட்டது, தரமாட்டேன்" என்று ஒரு கணவன் கைவிரிக்கவும் இடமில்லை; "பிழையாகிவிட்டது, ஒப்பந்தமே வேண்டாம்" என்று ஒரு மனைவி முழுவதையும் உதறவும் இடமில்லை.

ஆனால் முஸ்லிமுக்கு அதற்கு அப்பாலும் ஒரு நீதிமன்றம் இருக்கிறது. நானும் மனிதனே, என்னிடம் வழக்குரைப்போரில் ஒருவர் மற்றவரைவிடச் சொல்வன்மை உடையவராக இருக்கக்கூடும், கேட்டதைக் கொண்டே நான் தீர்ப்பளிக்கிறேன், அப்படி ஒருவரின் உரிமையை மற்றொருவருக்கு நான் கொடுத்துவிட்டால் அவருக்குக் கொடுத்தது நெருப்பின் ஒரு துண்டே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். அல்லாஹ்வின் தூதரின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், முத்திரைத்தாள் ஆக்குமா? 12 சவரன் தன் வீட்டுப் பெட்டியில் இருப்பது ஒருவனுக்குத் தெரியும். அவள் அறியாமல் ரசீது தந்துவிட்டாள் என்பதும் தெரியும். சட்டம் தன் பக்கம் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே அந்த நகையை விற்று அடுத்த திருமணத்துக்கு வலீமா விருந்து போடுகிறவன், விருந்தினருக்கு எதைப் பரிமாறுகிறான்?

நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய நீதி

வெட்கப்படவேண்டிய செய்தியொன்றைச் சொல்லவேண்டும். 1867இல், லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலின் முன் ஷம்ஸுன்னிஸா பேகம் என்னும் முஸ்லிம் பெண்மணியின் வழக்கு வந்தது. தம் பெயரில் இருந்த அரசுக் கடன் பத்திரங்களைக் கணவர் எடுத்துக்கொண்டார் என்பது அவர் முறையீடு. அவர் கையொப்பமிட்டுத் தந்தவையே. விலை கொடுத்து வாங்கினேன் என்றார் கணவர். கையொப்பம் இருப்பது போதாது. உண்மையில் விலை கொடுத்து நேர்மையாக வாங்கியதைக் கணவரே மெய்ப்பிக்கவேண்டும் என்றனர் நீதிபதிகள். திரைமறைவில் வாழும் பெண்ணிடம் பத்திரம் எழுதி வாங்கினால், அவள் அதைப் புரிந்துகொண்டே எழுதினாள் என்று காட்டும் பொறுப்பு வாங்கியவருடையது என்னும் கோட்பாடு இத்தகைய வழக்குகளால் நம் நாட்டில் வேரூன்றியது.

நம் மார்க்கத்தைச் சேராத, நம் மொழி அறியாத நீதிபதிகள், "அவளுக்குப் புரிந்ததா?" என்று கேட்டார்கள். நம்மவர் கேட்பதில்லை! இன்னொன்றையும் எண்ணவேண்டும். அந்தப் பாதுகாப்பு எழுத்தறியாத, வெளியுலகம் அறியாத பெண்ணுக்காகத் தோன்றியது. இன்று அம்பத்தூரில் பட்டம் பெற்று, அலுவலகத்தில் பணிபுரிகிற நம் மகளுக்கு அது தானாகக் கிடைத்துவிடாது. படித்தவள், படித்துத்தான் கையெழுத்திட்டிருப்பாள் என்றே எவரும் கருதுவர். அழுது சிவந்த கண்களோடு, அண்ணனும் மாமாவும் அவசரப்படுத்த, நான்கு பக்கங்களை நான்கு நிமிடங்களில் அவள் எப்படிப் படித்தாள் என்று தாள் சொல்லாது.

'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை'

ஒப்பந்தத்தின் கடைசியில் எழுதப்படும் 'இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை' என்னும் வரியை ஆண்கள் பெருங்கோட்டையாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையும் ஒரு பிழையே. பம்பாயில் 1962இல் ஒரு தம்பதியர், 5,000 ரூபாய் மஹரும் 180 ரூபாய் இத்தாப் பணமும் குறிப்பிட்டு, மனைவிக்கு இனி எந்த உரிமையும் இல்லை என்று நீதிமன்றத்திலேயே உடன்பட்டுப் பிரிந்தனர். அந்தப் பாய் தாஹிரா வழக்கில், அத்தகைய உடன்பாடு வறுமையில் வாடும் பெண்ணின் ஜீவனாம்ச உரிமையைத் தடுக்காது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1978இல் தீர்ப்பெழுதினார். 500 ரூபாய் மஹரையும் 750 ரூபாய் இத்தாப் பணத்தையும் நீட்டிய கணவரின் வாதத்தை, 1980இல் ஃபஸ்லுன்பீ வழக்கிலும் அவரே நிராகரித்தார்.

1985இல் ஷா பானு தீர்ப்பு, 1986இல் முஸ்லிம் பெண்கள் சட்டம், 2001இல் டேனியல் லத்தீஃபி தீர்ப்பு என்று நடந்த வரலாறு நம் வாசகர்களுக்குத் தெரியும். மணவிலக்குப் பெற்றவளின் எதிர்காலத்துக்கும் போதுமான நியாயமான ஏற்பாட்டை இத்தாக் காலத்துக்குள் கணவன் செய்துவிடவேண்டும் என்று 2001இல் விளக்கப்பட்டது. பொதுச் சட்டத்தின்படி ஜீவனாம்சம் கேட்கும் வழியும் முஸ்லிம் பெண்ணுக்குத் திறந்தே இருக்கிறது என்று 2024 ஜூலை 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. இது முஸ்லிமுக்கு மட்டும் வந்த சட்டமன்று. ஜீவனாம்ச வழக்கில் 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு சமரசம் செய்த ஒரு ஹிந்துப் பெண், பின்னர் வேறு சட்டத்தின்கீழ் ஜீவனாம்சம் கோரியதை அந்தச் சமரசம் தடுக்காது என்று 2013இல் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது.

"எல்லாம் கொடுத்து முடித்த பிறகும் வழக்குப் போடுகிறாளே!" என்று கொதிக்கிற கணவர்களின் குரலையும் நாம் கேட்கவேண்டும். அவர்களில் உண்மையாகக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். பெண் மனமுவந்து விட்டுக்கொடுத்ததைச் சட்டம் அடியோடு புறக்கணிப்பதும் இல்லை. ஆனால் அவள் மனமுவந்துதான் விட்டாள், நியாயமான தொகையைப் பெற்றுக்கொண்டுதான் விட்டாள் என்று எதைக் கொண்டு காட்டுவார்கள்? கொடுத்தது இவ்வளவு, இன்னதற்காக, இன்ன நாளில், இன்ன வழியில் என்று தாளில் இருந்தால் அது அவர்களைக் காக்கும். 'எல்லாம் முடிந்தது' என்ற பொத்தாம் பொதுவான வரி அவர்களையும் காக்காது. அவசரத்தில் எழுதிய தாள் ஏழைப் பெண்ணை மட்டுமல்ல, நேர்மையான ஆணையும் சேர்த்தே கெடுக்கிறது.

குழந்தைக்குரிய உணவையும் உடையையும் விட்டுக்கொடுக்கத் தாய்க்கு அதிகாரம் இல்லை. அது குழந்தையின் உரிமை. அவள் என்ன தவறு செய்திருந்தாலும், என்ன பிழையாகக் கையெழுத்திட்டிருந்தாலும், மூன்று வயதுப் பிள்ளை எந்தத் தாளிலும் கையெழுத்திடவில்லையே!

ஜமாஅத் செய்யவேண்டியவை

ஜமாஅத்துகள் இதில் தலையிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கணவன் தரப்பில் ஒருவர், மனைவி தரப்பில் ஒருவர் என இரு நடுவர்களை அமைக்கச் சொல்லும் நான்காம் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் நம் கைகளிலேயே இருக்கிறது. ஆனால் எல்லையை அறியவேண்டும். காஜிகள் தரும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்துரையே, சட்ட ஆவணமன்று என்று சென்னை உயர் நீதிமன்றம், பதர் சயீத் அவர்கள் தொடுத்த வழக்கில் 2017இல் தெளிவுபடுத்தியது. தனியார் அமைப்பொன்று தந்த குலாச் சான்றிதழை அதே நீதிமன்றம் 2023இல் ரத்துச் செய்து, குடும்பநல நீதிமன்றத்தை நாடுமாறு கூறியது. ஆகவே நம் பஞ்சாயத்தில் எழுதும் தாள் இறுதி அன்று. அதை நீதிமன்றத்தில் வைத்து ஆணையாக்கினால்தான், வாக்குத் தவறுபவனிடமிருந்து வசூலிக்க வழி பிறக்கும்.

எழுதும் முறையைத் திருமறையே கற்றுத் தந்திருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். எதைப் பற்றியது? கடனை எழுதி வைப்பதைப் பற்றியது! நேர்மையான எழுத்தர் வேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்லவேண்டும், அவர் இயலாதவராயின் அவர் பொறுப்பாளர் நீதியோடு சொல்லவேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதோ பெரிதோ எழுத்தில் சோம்பல் கூடாது. ஆட்டுச் சந்தைக் கடனுக்கு இத்தனை ஒழுங்கு என்றால், ஒரு பெண்ணின் வாழ்வுக்கு எத்தனை ஒழுங்கு வேண்டும்?

முதலாவதாக, தாள் அவரவர் அறிந்த மொழியில் இருக்கட்டும். உருதுக் குடும்பமென்றால் உருதுவில் விளக்கப்படட்டும். ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்து, அவள் தன் வாயால் திரும்பச் சொல்லட்டும். அவள் நம்புகிற பெண்ணொருத்தி அருகில் இருக்கட்டும். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத்தே அமைத்தது ஏன் என்று கோபிக்காமல் சிந்தியுங்கள். பெண்ணின் வழக்கு பேசப்படும் இடத்தில் பெண்ணுக்கு இடமில்லாமல் போனதே காரணம்.

இரண்டாவதாக, எழுதிய அன்றே கையெழுத்து வாங்கும் வழக்கம் ஒழியட்டும். தாளை வீட்டுக்குக் கொண்டு சென்று, வழக்கறிஞரிடம் காட்டி வர ஒரு வாரமேனும் தரட்டும். மஹர், இத்தாச் செலவு, எதிர்கால ஏற்பாடு, பிள்ளையின் செலவு, தாய்வீட்டு நகை, மாப்பிள்ளைக்குக் கொடுத்த ரொக்கம் என்று ஒவ்வொன்றும் தனி வரியில், தொகையோடு நிற்கட்டும். பெண்ணின் தந்தை திருமணத்தின்போது மாப்பிள்ளைக்குக் கொடுத்த பணமும் பொன்னும்கூட 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி பெண்ணுக்கே திரும்பவேண்டும் என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த மேற்கு வங்க வழக்கு இத்தனை நீதிமன்றங்கள் ஏறி இறங்கியதற்கு, யாருக்குக் கொடுத்தது என்பது பற்றித் திருமணப் பதிவேட்டில் எழுந்த சர்ச்சையும் ஒரு காரணம். பதிவேட்டை எழுதுவோர் இதை மறக்கவேண்டாம்.

மூன்றாவதாக, யார் தவறினார் என்ற வரி அறவே நீக்கப்படட்டும். அந்த இடத்தில் வேறொரு வரி எழுதப்படட்டும்: இதில் கணக்கிலோ பொருளிலோ பிழை இருப்பதாக ஓராண்டுக்குள் தெரிய வந்தால், இருவரும் மீண்டும் அமர்ந்து திருத்திக்கொள்வோம். இந்த ஒரு வரி இருந்தால், 22ஆவது பிரிவின் இறுக்கத்தை ஒப்பந்தமே தளர்த்திவிடும். திருத்துவது இழிவன்று. தந்த தீர்ப்பில் பிழை கண்டால் உண்மைக்குத் திரும்பத் தயங்கவேண்டாம் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்களுக்கு எழுதியதாக வரலாறு சொல்கிறது. கலீஃபாவின் நீதிபதிக்கே இழிவில்லாத ஒன்று, நம் முத்தவல்லிமார்களுக்கு இழிவாகுமோ?

இரண்டாம் அத்தியாயத்தின் 237ஆம் வசனம், மணமுறிவைப் பேசிக்கொண்டிருக்கையிலேயே, உங்களுக்கிடையே பெருந்தன்மையை மறந்துவிடாதீர்கள் என்று இருவரையும் நோக்கிச் சொல்கிறது. கூடி வாழ்கையில் பெருந்தன்மை எளிது. பிரிகையில்தான் அது சோதிக்கப்படுகிறது. சகோதரனே! உன் முன்னாள் மனைவியின் பிழையால் வந்த பொருள் உன் வீட்டில் இருக்குமானால், அவள் வழக்குத் தொடுக்கும் வரை காத்திராதே; இன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிடு. சகோதரியே! அவர் அறியாமல் அதிகமாக எழுதிவிட்டதை நீ அறிவாயானால், நீயும் அப்படியே செய். ஜமாஅத்துப் பெரியவர்களே! அடுத்த தாளில் கையெழுத்து வாங்குமுன், அதை ஒருமுறை உரக்கப் படியுங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவரின் கணக்கையும் இலேசாக்குவானாக!